கண்ணாடி போட்ட பூனை

மூக்குக்கண்ணாடி போட்ட பூனை ஒன்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அக்கா எனக்கு முதன்முதலில் அச்செடுத்துக் கொடுத்த படம் அதுதான். இன்றைக்குக் காலையில் பல் துலக்குவதற்குள் அதுபோல நாலு படம் போனில் வந்து விழுகிறது. பார்க்காமலே அழித்துவிடுகிறேன். அன்றைக்கு அப்படி ஒரு படத்தால்தான் எங்கள் வீட்டில் அறுந்துபோயிருந்த பேச்சு திரும்பி வந்தது.

செராமிக் கம்பெனிச் சூளையில் இருந்த வேலையை விட்டுவிட்டு என் கணவர் துபாய்க்குப் போனது அத்தைக்குப் பிடிக்கவில்லை. மகன் கிளம்பிய அன்று வாசலுக்குக்கூட வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு அவர் போன் செய்தால் நான் மட்டும்தான் ஓடுவேன். அத்தை அசையமாட்டார். அம்மா பேசவில்லையே என்று அவர் போனிலேயே அழுவார். இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழித்தேன்.

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது என் வேலை. சனிக்கிழமை அது முடிந்ததும், அவர் மெயில் அனுப்பியிருக்கிறாரா என்று பார்க்க சென்டருக்குப் போவேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எல்லாம் அக்காதான். கல்யாணப் பத்திரிகை தட்டும் வேலைக்கு நடுவே இன்டர்நெட்டில் கண்ட கண்ட வேடிக்கைகளைத் தேடிப் பிடித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பிறவி அந்த அக்கா. ஒரு வாரம் மெயில் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட போவாதம்மா" என்று அந்தப் பூனையைக் கையில் திணித்தார்.

வீட்டில் அதைப் பார்த்த அத்தை, தன்னைச் சமாதானப்படுத்த மகன்தான் அனுப்பியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். "உம்முணாமூஞ்சிப் பய, இவனுக்கு இவ்ளோ குசும்பு இருக்குதா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். மாதக்கணக்கில் அந்தச் சிரிப்பைக் கேட்காத நான், இது அக்கா கொடுத்தது என்று வாயைத் திறப்பேனா?

விஷயத்தைக் கேட்டதும் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாராவாரம் ஒன்று தயாராக இருக்கும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து போகும் ஆடு ஒரு வாரம், 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைக்கு அடியில் பூனைக்குப் பயந்து ஒண்டிக்கிடக்கும் நாய் இன்னொரு வாரம். என் மகன் அனுப்பினான் என்று அத்தை தெருவுக்கே காட்டினார். யாரோ ஓர் அம்மாவுக்குப் பிள்ளையின் மீதிருந்த கோபத்தைத் தணிக்க அப்படித் தேடிய அக்காவுக்கு நான் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்?

ஒரு சனிக்கிழமை நான் கிளம்பும்போது, பாத்திரம் துலக்கியபடி, நிமிர்ந்து பார்க்காமலே அத்தை சொன்னார்: "சாப்டானான்னு கேளு. நான் கேட்டேன்னு எழுது."

அதைத் தட்டும்போது அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பதில் மறுநாளே வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வார்த்தை. அக்கா அதைத் தமிழில் தட்டி, பக்கம் நிறையும்படி பெரிதாக்கி அச்செடுத்துத் தந்தார். எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த அத்தை, என்னை நெருங்கவிடாமல் தானே வாசித்தார்:

"சாப்டேம்மா."