நாய்ப்பட்டையில் முன்னேறிய நாடு

மாதம் நிறைவதற்குள் பிறந்துவிட்டாள். அன்று பிடித்த ஓட்டம் இன்றுவரை நிற்கவில்லை. கொதிக்கும் டீயை ஊதாமல் குடிப்பாள். பேருந்து நிற்பதற்குள் இறங்கிவிடுவாள். அடுத்தவர் தொடங்கிய பேச்சை இவளே முடித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். தொழிற்சாலையில் அவளுக்கு அவசரம் என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது; அது யாருக்கும் நினைவில்லை.

கடவுளுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை இல்லையென்று யார் சொன்னது? அவளுக்கு வாய்த்த கணவனுக்கு அதே தொழிற்சாலையில் சாவகாசம் என்று பெயர். பெட்டி கட்டும் பகுதியில் வேலை. அவன் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டி முடிப்பதற்குள் பக்கத்து ஆள் ஒரு வண்டிக்கே ஒட்டிவிடுவான். 'பதறாத காரியம் சிதறாது' என்பது அவன் அடிக்கடி சொல்லும் பழமொழி. அடிக்கடி சொல்லத் தொடங்குவான் என்பதே சரி. மனைவியிடம் 'பதறாத' என்பதற்குமேல் அவன் போனதே இல்லை.

தொழிற்சாலை செய்தது நாய்ப்பட்டை. நம் தெரு நாய்களுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றின் கழுத்துக்கு ஒரு சணல்கயிறுகூடக் கிடையாது. இது கடல் கடந்த பணக்கார நாடு ஒன்றின் நாய்களுக்கு. தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு பக்கம் தோலை வார்வாராக அறுப்பார்கள், பசை தடவி மடிப்பார்கள். நடுவில் வரிசையாகத் தையல் மிஷின்கள். கடைசியில் துளை போட்டு பக்கிள் மாட்டுவார்கள். பசை நாற்றம் வேலை முடிந்தபின்னும் வீட்டுத் தலையணைவரை கூடவே வரும். சுவரில் வெளிநாட்டு நாய் ஒன்றின் பெரிய படம் தொங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரையும்விட நல்ல ஊட்டம், முகத்தில் ஒரு கவலை கிடையாது.

முதல் மிஷின் அவளுடையது. பட்டை அவள் கையில் நுழைவது தெரியும், வெளியே வருவது தெரியும், நடுவில் நடப்பது தெரியாது. பட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருமுறை வந்தபோது அவள் பக்கத்திலேயே நின்று வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு படம் எடுத்தார். கையை மட்டும்தான் எடுத்தார். முகம் தேவைப்படவில்லை போலிருக்கிறது. ஆனாலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் முதலாளி கூடத்துக்கு வந்து எல்லா மிஷின்களையும் நிறுத்தச் சொன்னார்.

"நம்ம நாடு ஏழை நாடு. அதனால நம்ம பட்டைக்கு அந்த நாட்டுல வரி போடறதில்ல. அது அவங்க நமக்குச் செய்யற உதவி," என்றார். கூடம் நன்றியோடு கேட்டுக்கொண்டது. "ஆனா ஒரு வருஷத்துல அங்க போய் இறங்கற பட்டையில பாதிக்குமேல நம்ம நாட்டுதா இருந்துட்டா, நாம முன்னேறிட்டோம்னு அர்த்தம். உடனே வரி போட்டுடுவாங்க. வரி போட்டா நம்மகிட்ட வாங்கறவர் வேற ஏழை நாடா பாத்துப் போயிடுவார். இந்த வருஷம் பாதிகிட்ட வந்துட்டோம். அதனால..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முதலாளி வாயில் அதுவரை வராத வார்த்தை அல்லவா, சற்றுத் திக்கியது. "எல்லாரும் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுங்க."

துளை போடுகிற பெண்ணுக்கு ஒரு சந்தேகம். "ஐயா, நாம முன்னேறிட்டா எல்லாத்துலயுமா முன்னேறிடுவோம்?"

"இல்லம்மா. நாய்ப்பட்டையில மட்டும்தான்."

"மத்ததுல?"

"மத்ததுல எல்லாம் அப்படியேதான் இருப்போம்."

துளை போடுகிறவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மெதுவாக வேலை செய்யச் சொல்வது எளிது. செய்யவைக்க ஓர் ஆள் வேண்டுமே. முதலாளி தொழிற்சாலை முழுக்கக் கண்ணை ஓட்டினார். இந்த வேலைக்கென்றே பிறந்த ஒருவன் பெட்டி கட்டும் பகுதியில் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தான். மறுநாளே சாவகாசம் தையல் கூடத்துக்கு மேற்பார்வையாளன் ஆனான். கைப்பிடி வைத்த நாற்காலி கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து எதற்காகத் திட்டு வாங்கினானோ அதற்கே பதவி. அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் என்பார்கள். அன்று அது தகரக் கூரையாக இருந்தும் பிய்த்தது.

அவளுக்கோ நரகம். பட்டையைத் தைத்து முடித்துவிட்டு, தைத்ததைப் பிரித்து, மறுபடியும் தைப்பாள். அதையும் சட்டென்று முடித்துவிடுவாள். சாவகாசம் நாற்காலியிலிருந்து எழுந்து வருவான்.

"கொஞ்சம்..."

"மெதுவா. தெரியும். போய் உக்காருங்க."

கூடத்தில் சிரிப்பு எழும். அவளுக்கு அழுகை வரும். இத்தனை வருஷம் எந்தக் கையைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்களோ, அந்தக் கையையே இப்போது மடியில் வைத்துக் காவல் காக்க வேண்டியிருந்தது. பட்டைக்கு இவ்வளவு என்று கிடைத்துவந்த கூலியும் கரைந்துபோனது.

அப்போதுதான் வீட்டுக்குத் தோல் வந்தது. ஊரின் மறுகோடியில் இன்னொரு பட்டைக் கம்பெனி இருந்தது. நம் முதலாளியின் மச்சானுடையது. அங்கே வேலை மிகுந்துவிட்டதாம், வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுத்தால் கூலி உண்டாம். கொண்டுவந்து இறக்கிய வேன் அவள் தொழிற்சாலையின் வேன்தான். டிரைவரும் தெரிந்தவர்தான். அவசரத்தில் அதையெல்லாம் யார் யோசிப்பது? இரண்டு ஊசியில் மெழுகு நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பகலெல்லாம் பூட்டி வைத்திருந்த வேகம் மொத்தமும் சாயங்காலத்தில் அவிழ்ந்துகொண்டது.

சாவகாசம் எதிரே உட்கார்ந்து நீண்டநேரம் பார்த்தான். "இப்படி எல்லா வீட்டிலயும்..."

"எல்லா வீட்டிலயும்தான் தைக்கறாங்க. நாம மட்டும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?"

"அதில்ல. எல்லாரும் தெச்சா நாடு..."

"நல்லாயிருக்குங்க கதை. என் ஒருத்தி கையால ஒரு நாடு முன்னேறிடுமா? தள்ளி உக்காருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

அவன் தள்ளி உட்கார்ந்தான். துளை போடுகிறவள் வீட்டிலும் அதே நேரத்தில் இதே வாதம் நடந்தது, அங்கேயும் கணவன்தான் தள்ளி உட்கார்ந்தான்.

பெண்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பட்டை முதலாளிகள் எல்லோரும் கூடி, எல்லோரும் ஏற்றுமதியைக் குறைப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்திருந்தார்கள். முடிவெடுத்த கையோடு ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஊரே மெதுவாக நடக்கும்போது நாம் ஒருவர் மட்டும் கொஞ்சம் ஓடினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒவ்வொருவருக்கும் ஒரு மச்சான் இருந்தான். மச்சான் இல்லாதவர் தம்பி பெயரில் அனுப்பினார்.

வருஷ முடிவில் அந்தப் பணக்கார நாட்டில் எண்ணிப் பார்த்தார்கள். நம் நாடு பாதியைத் தாண்டியிருந்தது. மயிரிழைதான், ஆனாலும் தாண்டியது தாண்டியதுதான். வரி வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெய் திரண்டுவிட்டதே என்று தாழியை உடைத்தார்கள்.

"நாம முன்னேறிட்டோம்," என்று முதலாளி கூடத்தில் வந்து சொன்னார். இழவுச் செய்தி சொல்கிற முகம். "எந்தப் பாவியோ திருட்டுத்தனமா வெளியில தெச்சுக் கொடுத்திருக்கான்." கூடம் தரையைப் பார்த்தது. வேன் டிரைவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். ஒருவரும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஆரம்பித்தால் மிச்சம் யார்? அந்த மாதமே மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள்.

மிஷின்கள் போன இடம் பக்கத்து நாடு. நாய்ப்பட்டையில் இன்னும் முன்னேறாத நாடு அது. முதலாளியும் மச்சானும் சேர்ந்து அங்கே புதுக் கம்பெனி தொடங்கினார்கள். அங்குள்ளவர்களைப் பழக்கிவிட இங்கிருந்து ஓர் ஆளைக் கூட்டிப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. யாரைக் கூப்பிடுவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டாள், அக்காவிடம் பெட்டி இரவல் வாங்கினாள். கூடம் போனாலும் கை போகவில்லையே என்ற தெம்பு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். முதலாளி வரச் சொன்னதும் ஓடினாள்.

"உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா. பாஸ்போர்ட் எடுக்கணும்."

"ஐயா, முதல் மிஷின் நான்தானே?"

"இல்லேன்னு யாரும்மா சொன்னது? அங்க வேகமா தைக்க யாரும் சொல்லித்தர வேணாம். ஏழைங்க, தானே தெச்சுடுவாங்க. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆள்தான் வேணும். அவர் பாத்துக்கிட்ட வரைக்கும் நம்ம கூடம் ஒருநாள்கூட அளவு தாண்டல."

"அப்ப நான் வேகமா தெச்சது தப்பா, ஐயா?"

"தப்பா? உன்னை மாதிரி ஆளுங்களாலதானேம்மா நாடே முன்னேறிச்சு."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வீடு வந்ததும் அழுதாள். அவளுக்கு எல்லாமே சட்டென்று முடிந்துவிடும். அன்றைய அழுகை மட்டும் முடியவே இல்லை. சாவகாசம் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போகல," என்றான். முழுவாக்கியம். அவள்தான் போகச் சொன்னாள். வீட்டில் ஒருவருக்காவது வேலை வேண்டுமே.

இப்போது அவள் வீட்டு வாசலில் பிய்ந்த பையும் அறுந்த செருப்பும் தைக்கிறாள். வருகிறவை கொஞ்சம்தான், வந்ததும் முடிந்துவிடுகின்றன. துளை போட்டவள் ஒருநாள் தன் பையின் வாரைத் தைக்கக் கொண்டுவந்தாள்.

"அக்கா, அண்ணன் எப்ப திரும்பி வருவாரு?"

"அந்த நாடு முன்னேறினதும் அனுப்பிடுவாங்களாம்."

"சீக்கிரம் முன்னேறிடுமா?"

"எப்படிடி முன்னேறும்? முன்னேறாம பாத்துக்கத்தானே அவரைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."