மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்ட வெள்ளைக் கார்

கிளட்ச் இல்லாத காரை முதன்முதலாக ஓட்டும் மெக்கானிக்குக்கு அவனுடைய இடது கால்தான் எதிரி. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நான் பழக்கதோஷத்தில், கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பக்கத்தில் இருந்த முதலாளி பஷீர் பாயின் நெற்றி கண்ணாடியில் போய் இடித்தது.

"டேய், அந்தக் காலை மடிச்சு சீட்டுக்கு அடியில வைடா! டெஸ்ட் டிரைவ்னு சொல்லி என்னைக் கொல்லவா இட்டுனு வந்த?"

2000-களில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துகொண்டிருந்த ஆட்டோமேட்டிக் கார் இந்த வெள்ளைக் கார் ஒன்றுதான். செம்பாக்கம் வசந்தி மேடத்துடையது. பொத்தேரியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். சிறு வயதில் வந்த போலியோவால் அவருக்கு இடது கால் ஊன்றாது. அதனாலேயே தேடிப்பிடித்து ஆட்டோமேட்டிக் வாங்கி, தினமும் தானே ஓட்டிக்கொண்டு போவார்.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் அந்தக் கார் மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டது. கிளம்பும்போது முக்கி முனகும். வேகம் எடுத்த பிறகும் அடுத்த கியர் விழாமல் இன்ஜின் கத்தும். அதைப் பார்க்கத்தான் அந்த டெஸ்ட் டிரைவ்.

"இன்னைக்கு எங்க அண்ணன்தான் காலேஜ்ல விட்டார்" என்று போனில் சொன்னார் மேடம். "வழி பூரா, உனக்கெதுக்கு கார், நான் இல்லையாங்கிறார். கியர் பாக்ஸ் போச்சுன்னா வித்துடலாம்னு ஆள் வேற பார்த்துட்டார். நாளைக்குக் காலையில வந்து பாக்கறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லுங்க பாய்."

மேடம் அப்படிக் கெஞ்சுகிற ஆள் இல்லை.

பாய் யோசிக்கவே இல்லை. "கியர் பாக்ஸை எறக்குடா."

சாதாரண கியர் பாக்ஸ் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு இறக்குவேன். ஆட்டோமேட்டிக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. பிரித்துவிடலாம், திரும்ப மாட்ட முடியுமா? பயத்தை வெட்கப்படாமல் சொன்னேன்.

"பாய், கழட்டினா அப்புறம் சாக்குல கட்டித்தான் குடுக்கணும். முதல்ல லைட்டைப் பார்த்துடலாம்."

டாஷ்போர்டில் கியருக்கான ஓவர்டிரைவ் லைட் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் எல்லாம் எங்களிடம் கிடையாது. அந்த மாடலில், ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் இரண்டு துளைகளை ஒரு துண்டு ஒயரால் சேர்த்துச் சாவியைத் திருப்பினால், லைட் எத்தனை தடவை மின்னுகிறதோ அதுதான் பழுதின் எண். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் எண்ணினோம். நடுவில் போன் வந்ததால் பாய்க்கு நாலு குறைந்தது. மூன்றாம் முறைதான் இருவருக்கும் ஒரே எண் வந்தது.

ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த மேனுவலில் பார்த்தோம். கியரை மாற்றும் சோலனாய்டு வால்வுக்குப் போகிற கரன்ட் லைனில் கோளாறு. கரன்ட் சரியாகப் போகாவிட்டால் கார் கம்ப்யூட்டர் வேறு கியருக்கே போகாது. வண்டி எப்படியாவது வீடு போய்ச் சேரட்டும் என்று மூன்றிலேயே வைத்துவிடும்.

பேட்டரியைக் கழற்றி, அதன் கீழே இருந்த கனெக்டரைப் பிரித்தேன். உள்ளே இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"மழையே பெய்யல, தண்ணி எப்டிடா உள்ள பூந்துச்சு?" என்றார் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுத பூஜைக்கு ரெகுலர் கஸ்டமர்களின் வண்டிகளை நாங்களே கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுப்போம். மேடத்தின் வண்டியாச்சே என்று அதற்கு மட்டும் பானெட்டைத் திறந்து, இன்ஜின் பளபளக்க வேண்டும் என்று பிரஷர் பம்பால் பீய்ச்சி அடித்தவன் நான்தான்.

சொன்னேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "கனெக்டர் லூசா கீதுன்னு சொல்லிக்கலாம். நீ வாயைத் தொறக்காத."

கனெக்டரைச் சுத்தம் செய்து, காற்றடித்துக் காயவைத்து மாட்டி, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழுது எண்ணையும் அழித்தோம். சாயங்காலம் காலேஜ் முடிந்து வந்த மேடத்தையே ஓட்டச் சொன்னோம். நாங்கள் இருவரும் பின் சீட்டில். வேளச்சேரி ரோட்டில் ஒவ்வொரு கியராக விழ விழ, மேடம் வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!" நானும் கூடச் சேர்ந்து கத்தினேன்.

வண்டியை ஓரம் கட்டித் திரும்பினார். "எதனால பாய் இப்படி ஆச்சு?"

பாய் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக எதையோ பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் மேடம். பூஜைக்குக் கழுவும்போது தண்ணி உள்ள போயிடுச்சு."

மேடம் கியர் லீவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"அப்போ கியர் பாக்ஸுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அண்ணா, நாளைக்கு அவங்களை வர வேணாம்னு சொல்லிடு. நான் என் வண்டியில காலேஜுக்குப் போறேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களை அப்புறமாத் திட்டறேன். இப்போ எனக்கு டைம் இல்ல."

அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும், ஸ்பேனரைத் தொடும் முன் கேட்டுவிடுவேன்: கடைசியாக இதில் கை வைத்தது யார்? பாதி பழுது அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களே, நீங்களும் கேளுங்கள். கஸ்டமர் உங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் கோபப்படாதீர்கள்.