அண்டாவை எடுத்துப் போனவர்

பென்னலூரில் ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருந்தேன். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். ஆனால் என் கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த ஒருவரையும் நான் 'வா, போ' என்றதில்லை. லாரி கழுவுகிறவரும் 'வாங்க'தான், கம்பெனிக்கு இடம் பார்க்கக் காரில் வந்தவரும் 'வாங்க'தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

தொண்ணூற்றொன்று தை மாதம் என் இட்லி அண்டா களவு போனது. பித்தளை அண்டா, அம்மா சீராகக் கொடுத்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியிருக்கும். நான் கையெழுத்துப் பழகியதே அதைப் பார்த்துத்தான்.

காலையில் அதைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு மாவு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், ஒருவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் போகிறார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்று மாதமாக என்னிடம் தினமும் நாலு இட்லி சாப்பிட்டவர். இன்னொரு கரண்டி சட்னி கேட்கவே கூச்சப்படுவார்.

இரண்டே நாளில் குன்றத்தூரில் ஒரு பாத்திரக் கடை வாசலில் அவரையும் அண்டாவையும் போலீஸ் பிடித்துவிட்டது. ஆனால் கேஸ் ஜெயித்தால்தான் அண்டா கைக்கு வரும் என்று ஏட்டு சொல்லிவிட்டார். அதுவரை பக்கத்து வீட்டு அலுமினியக் குண்டான்தான். ஒரு தடவைக்குப் பாதி இட்லிதான் வேகும். வந்தவர்களில் பாதிப்பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாட்சி சொல்லப் போன அன்று கோர்ட்டு வாசலில் ஏட்டு கெஞ்சாத குறை.

"யம்மா, உள்ள போயி 'அவரு எடுத்தாரு'ன்னு சொல்லாத. 'அவன் எடுத்தான்'னு சொல்லு. அந்தாண்ட வக்கீலு அதையே புடிச்சிக்குவாரு."

"என் கையால சாப்ட்டவரு சார்."

"சாப்ட்ட கடையிலயே அண்டாவ தூக்கிக்கினு போயிட்டான். அவனுக்கு இன்னா மரியாத?"

கூட வந்த என் மருமகளும் ஏட்டு பக்கம்தான். "ஒரு நாளு சொல்லுங்களேன் அத்தே, வாயா வெந்துடும்? அண்டா வேணுமா வேணாவா?"

வேண்டும்தான். 'அவன், அவன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே படியேறினேன்.

கூண்டில் ஏறி நிமிர்ந்தால் எதிரே அவர் தலையைக் குனிந்து நிற்கிறார். வாயைத் திறந்தேன். "அவருதாங்க எடுத்துக்கினு போனாரு" என்றுதான் வந்தது.

அவருடைய வக்கீல் சிரித்தார். "திருடுனவன யாராவது 'அவரு'ன்னு சொல்வாங்களா? நீயே குடுத்து அனுப்பியிருக்கே. இல்லன்னா வேற யாரையோ பாத்துட்டு இவரக் காட்டுறே."

எனக்குச் சுருக்கென்றது. "ஐயா, நீங்க அவர 'இவரு'ன்னீங்க. எதையும் எடுக்காத என்னை 'நீ'ங்கறீங்க. நான் எதுனா கேட்டேனா? என் கடையில குந்தி சாப்ட்டவங்கள நான் அப்டித்தான் சொல்லுவேன். அதுக்காவ எடுக்கலன்னு ஆயிடுமா? எடுத்தாரு. என் கண்ணால பாத்தேன். வெளிம்புல எம்பேரு கீது, பாருங்க."

சிரிப்புச் சத்தம் அடங்கட்டும் என்று நீதிபதி காத்திருந்தார். பிறகு ஒரு காகிதத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அண்டாவில் இரண்டாவது எழுத்துக்குக் கொம்பு கோணலாக இருக்கும். என் கையிலும் அதே கோணல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

எடுத்தவருக்குச் சில மாதம் ஜெயில். எனக்கு அண்டா. புளி போட்டுத் தேய்த்து அன்றைக்கே அடுப்பில் ஏற்றினேன்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு ஒரு நாள் காலையில் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். கடையைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"அத்தே!" என்று பல்லைக் கடித்தாள் மருமகள்.

வந்து உட்கார்ந்தார். நாலு இட்லி வைத்து, கேட்காமலே இரண்டு கரண்டி சட்னி ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

"கை கழுவ கெணத்தாண்ட போவாதீங்க" என்றேன். "தண்ணிய நானே இங்க கொண்டாறேன்."

மருமகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவரும் சிரித்தார்.