சாம்பல் விரலும் என் இடது கண்ணும்

போன ஆடியில் என் இடது கண் இமையில் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். பத்து நாளில் தோல் ஆறிவிட்டது. களிம்பை விடாமல் போட்டும் கண் மட்டும் ஆறவில்லை. சிவந்து, எரிந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஐப்பசி வரை அப்படித்தான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி தறியாகப் போய்ப் பாவு பிணைப்பது என் தொழில். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை, விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்க வேண்டும். கண் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இல்லை. "கண்ணு தெரியாதவ பிணைச்சா பாவு அறுந்துக்கும்மா" என்று ஒரு வீட்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நம் ஜெபக் கூட்டத்திலோ, மறைவான பாவம் இருக்கும், அறிக்கை செய் என்றார்கள். தெரிந்ததையெல்லாம் அறிக்கை செய்தேன். சகோதரிகள் கேட்டு ரசித்ததுதான் மிச்சம்.

என்னோடு வேலைக்கு வருகிறவள் என் நாத்தனார் செல்வி. நம் விசுவாசத்தில் இல்லாதவள். என் கண்ணைச் சொல்லி வீட்டுக்கு வீடு சிரித்தாள். மறைக்காமல் சொல்கிறேன், நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் கண்ணைச் சரியாக்கும், இல்லாவிட்டால் அவள் கண்ணும் இப்படியே ஆகட்டும்" என்று அழுதேன்.

மறுநாள் வேலை நடுவில் மருந்து நேரம் வந்தது. ஈரக் கையில் பட்டு ஒட்டும் என்று நாங்கள் பாதியில் கை கழுவ மாட்டோம். புடவையில் துடைத்துக்கொண்டு, இமையை இழுத்துக் களிம்பு தடவினேன். எல்லார் முன்னாலும் செல்வி கத்தினாள்: "சாம்பக் கையாலயே கண்ணுல மருந்து பூசிக்கினு, அப்புறம் ஏசப்பா ஏசப்பான்னு அழுவுற. அவரு வந்து உன் கையக் கழுவி வுடுவாரா?"

தறி வீடே சிரித்தது. அவமானத்தில் குனிந்து விரலைப் பார்த்தேன். நகக்கண் முழுக்கச் சாம்பல். மூன்று மாதமாக அதை என் கையாலேயே கண்ணுக்குள் பூசியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடிச் சாம்பல் விஷயத்தைச் சொன்னேன். "இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று திட்டிக்கொண்டே கண்ணைக் கழுவிவிட்டார். அன்றிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். மார்கழிக்குள் சிவப்பு போனது. கருவிழியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது, ஓரத்தில் மங்கல்தான். இருக்கிற பார்வைக்கு ஸ்தோத்திரம்.

செல்வி மாறவில்லை, இன்றும் ஏசுகிறாள். அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் அன்பான வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தால் கண் போயிருக்கும்.