பூஜையில் மாட்டிக்கொண்ட புத்தகங்கள்

நதியாவின் கைகள் சங்கரலிங்கத்தின் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தன. பக்கவாதம் வந்து படுத்தவர் அவர்; தினமும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று என்று அணை கொடுத்தாள். பயம் கைக்கு வருவதில்லை. தொண்டைக்குத்தான் வரும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசுவார்கள். அங்கே முதியோர் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கான நேர்காணல். போன தடவை, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதற்கே தொண்டை அடைத்துத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த முறையும் வாய் திறக்காவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டான்.

அதன் பிறகுதான் தேனியில் இரண்டு புத்தகங்களை வாங்கினாள். ஒன்று ஆங்கில இலக்கணம். மற்றது, எந்தச் சொல்லை எங்கே போடவேண்டும் என்று ஏ முதல் இசட் வரை சொல்லும், செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். கம்பம் பஸ்ஸில் மடியில் விரித்துப் படிப்பாள், உதடு அசையாது. யாராவது சிரித்துவிட்டால்? சந்தேகம் வந்தால் புரட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தைரியம்.

அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேஜையில் புத்தகங்கள் இல்லை. மாமியார் மலையம்மாள் அவற்றை மண்வெட்டி, திராட்சைக்கு மருந்தடிக்கும் மெஷின் எல்லாவற்றோடும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம், குங்குமம் இட்டுக் கும்பிட்டு முடித்திருந்தாள். காலையில் பூஜை பிரிக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

எப்போது பிரிப்பீர்கள் என்று நதியா கேட்டாள். பத்தரைக்கு மேல்தான் நல்ல நேரம் என்றாள் மாமியார்.

"சாமியும் ஒரு ராத்திரி இங்கிலீஷ் படிக்கட்டுமே" என்றான் புருஷன் விஜயபாண்டி.

அவன் வெளியே போனதும் நதியா மெல்லக் கை நீட்டினாள். விரல் நுனியில் குங்குமம் ஒட்டியது. இந்தப் பாவமே நாளைக்குத் தொண்டையை அடைத்தால்? விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பின்னால் மலையம்மாள் நின்றிருந்தாள்.

"அங்கன கேக்குறவுக வைவாகளா ஆத்தா?"

"வைய மாட்டாக அத்தை. பேசாமப் பாத்துக்கிட்டே இருப்பாக."

"அதுக்கு வைஞ்சிரலாம்" என்றாள் மலையம்மாள். அன்று ராத்திரி நதியாவுக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்தும் விடியாததுமாக மணிச் சத்தம் கேட்டது. மலையம்மாள் தலைக்குக் குளித்துவிட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் பத்தரைக்கு என்றாயே என்று மகன் கேட்டான்.

"அது மெஷினுக்கு. புத்தகத்துக்கு இப்பத்தான்."

கனமான புத்தகத்தை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தை விரித்துச் சாமி முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் செய்வதுதான். வந்த பக்கத்தை நதியா வாசித்தாள். குரல் கம்மியது, உடைந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. நிறுத்தும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் என்றாள் மலையம்மாள். பக்கங்கள் திரும்பின.

ஏழு மணிக்குப் போன் அடித்ததும் நதியா புத்தகத்தை மூடினாள். பயம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் வாசித்து வாசித்துத் தொண்டை திறந்திருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். சாமிக்கு வாசித்த அதே சத்தத்தில் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படித் திருப்பிப் போடுவாள் என்று சொன்னாள். தப்பும் வந்தது, நிறுத்தவில்லை. மலையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அடுத்த சுற்றுக்கு, அடுத்த வாரம், தலைமை நர்ஸான மேட்ரன் பேசுவார் என்றார்கள். போனை வைத்துவிட்டு, ஆறிய இட்லியை நின்றபடியே தின்றுவிட்டு, நதியா வேலைக்குக் கிளம்பினாள். சங்கரலிங்கத்தைத் திருப்பிப் போட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.