மச்சானைப் பார்க்கச் சூரியநெல்லிக்கு

சித்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கு முதல் பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு. எழுபத்துநாலாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம், அக்கா மரகதத்தோடு அதில் ஏறினேன். அவள் புருஷன் ராமசாமி மச்சானைச் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் புதைத்து ஏழு மாதமாகியிருந்தது. அந்த இடத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மச்சான் கொத்தனார். சித்தூர்ப் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வருஷத்தில் பாதி நாள் மலையில்தான் இருப்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சுவர் பூசுவார், ஞாயிற்றுக்கிழமையானால் குன்று குன்றாக ஏறுவார். ஊருக்கு வந்தால் எங்கள் தெருவுக்கு யானைக் கதைதான். எழுந்து நின்று கையால் காதை ஆட்டிக் காட்டுவார். எல்லோரும் சிரிக்க, அக்கா மட்டும் உள்ளே பாத்திரத்தை உருட்டுவாள்.

“என்னையக் கண்டா ஆகாமத்தான் காடு காடுன்னு ஓடறாரு” என்பாள் என்னிடம்.

போன ஆனியில் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தவர் எழவில்லை. மண் சரிந்து பாதை அடைத்திருந்ததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி தாமதமாகத்தான் வந்தது. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்காத அக்கா, ஒரு பிடி மண்ணாவது கொண்டுவந்து நம் ஆற்றில் கரைக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தாள்.

உடுமலையில் மூணாறு பஸ். சின்னாறு தாண்டியதும் ஏற்றம். மறையூரில் வெல்லம் காய்ச்சும் வாசனை. அக்கா எதையும் கவனிக்கவில்லை. மூணாற்றில் இறங்கி, தலைக்கு மூன்று ரூபாய் கொடுத்து ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போனோம். சூரியநெல்லி சேரும்போது மாலை நான்கு. மச்சானைத் தன் லயத்தில் தங்கவைத்திருந்த தங்கையாவும் அவர் மனைவி எஸ்தரும், நாங்கள் போட்ட கடிதம் கிடைத்து, பாதையிலேயே காத்திருந்தார்கள்.

எஸ்தர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதானா மரகதம்? கிணத்துல விழுந்த கன்னுக்குட்டிய ஒத்தையா இறங்கித் தூக்குனவுக?”

அக்கா திகைத்தாள். “அது ஆருங்க சொன்னது?”

“அண்ணாச்சிதான். ராத்திரிச் சாப்பாடு ஆனா உங்க கததான். வாய்க்கா மடையில மம்பட்டியோட நின்னு தண்ணி வாங்குனது, பாம்ப முறத்தால அமுக்குனது... லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் உங்களத் தெரியும்.”

“கன்னுக்குட்டி இல்லீங்க” என்றாள் அக்கா. “ஆட்டுக்குட்டிங்க. சின்ன ஆட்டுக்குட்டி.” பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். தந்தி வந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

சரிவில் தேயிலைக்கு மேலே புல்வெளி. மச்சானைப் புதைத்த இடத்தில் நாலைந்து கற்களை அடுக்கி அடையாளம் வைத்திருந்தார்கள். “அவுக சாமி வேற, அதான் சிலுவ நடல” என்றார் தங்கையா, குற்றம் செய்தவர்போல. அக்கா ஏற்றிய கற்பூரத்தைக் காற்று அணைத்தது. அவள் மறுபடி ஏற்றியபோது எஸ்தர் முந்தானையை விரித்து மறைத்து நின்றாள். அது எரிந்து முடியும்வரை நகரவில்லை.

மறுநாள் காலை அக்கா மண்ணை அள்ளித் துணியில் முடிந்தாள். நாலடி நடந்தவள் திரும்பிப் போய் முடிச்சை அவிழ்த்து அங்கேயே கொட்டினாள்.

“உசுரோட இருந்தப்பவே ஊட்டுல இருப்புக் கொள்ளாத மனுசன். இப்ப எதுக்குத் தம்பி கட்டி இழுத்துட்டுப் போறது?” துணியை உதறியபடி, “இவங்ககிட்டச் சொன்னதுல ஒரு வார்த்தையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்” என்றாள்.

மலையில் அவருடைய கதைகளுக்கு அவள் நாயகி. ஊரில் அவள் ஒரு கதையைக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. எதற்காக வருந்துவது என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த உடுமலைக்கார அம்மாள் ஒருத்தி, “எங்க போய்ட்டு வாறீங்க?” என்று கேட்டாள்.

“எங்க ஊட்டுக்காரரப் பாத்துட்டு வாறோமுங்க.”

“எஸ்டேட்டு வேலைங்களா? எப்ப ஊருக்கு வருவாராம்?”

அக்கா மண் முடிந்திருந்த துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ் சின்னாற்றுப் பாலத்தைக் கடந்து வெயிலுக்குள் இறங்கியது.