பிரீவீலுக்கு ஊற்றிய மல்லாட்டை எண்ணெய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிய மார்ச் மாதம் அது. எங்கள் ஊர் கிளியனூருக்குப் பக்கம். பரீட்சை திண்டிவனத்தில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு, இப்போதும்தான்.

அப்பா வாங்கித் தந்த பழைய லேடீஸ் சைக்கிளில்தான் போய்வருவேன். பொங்கலுக்கு முன்னால் அதன் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பிரீவீலின் பல்லெல்லாம் தேய்ந்து, அழுத்தி மிதித்தால் செயின் வழுக்க ஆரம்பித்தது. பரீட்சை வருகிறதே என்று அப்பா புது பிரீவீலும் புது செயினும் போட்டுக் கொடுத்தார். மாட்டிவிட்ட கடைக்காரர், "மாசம் ஒரு தபா கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவி, மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு வுடும்மா" என்றார்.

எங்கள் வீட்டில் ரேஷனில் கிடைக்கும் அந்த மண்ணெண்ணெய் நான் படிக்கிற விளக்குக்கே பற்றாது. அதைப் போய் சைக்கிளுக்கு ஊற்றுவதா? எல்லாம் எண்ணெய்தானே என்று அடுப்படியிலிருந்த மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, எடுத்து வாராவாரம் விட்டேன். சைக்கிளை உருட்டும்போது பிரீவீலில் கேட்கும் 'டிக் டிக்' சத்தம் நாளாக ஆகக் குறைந்து, கடைசியில் நின்றே போனது. "பாத்தியாப்பா, சத்தமே இல்லாம எப்படி ஓடுது!" என்று பீற்றிக்கொண்டேன். அப்பாவும் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

கணக்குப் பரீட்சை அன்று பாதி வழியில் கால் காற்றை மிதித்த மாதிரி ஆனது. செயின் சுற்றுகிறது, பெடல் சுற்றுகிறது, பின்சக்கரம் மட்டும் அசையவில்லை. இறங்கித் தள்ளினேன். டவுனுக்குப் போன பஸ் கை காட்டியும் நிற்கவில்லை. அது ஒன்பது மணி பஸ். பத்து மணிக்குப் பரீட்சை. இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறது. அழுதுகொண்டே தள்ளினேன்.

ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் கேனோடு இரண்டு பெண்கள் எதிரில் வந்தார்கள். இளையவர் நின்றார்.

"இன்னாம்மா, அழுதுக்கினே போற?"

சொன்னேன். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு பெடலைச் சுற்றிப் பார்த்தார். பிரீவீலில் விரலை வைத்துத் தேய்த்து, மோந்தும் பார்த்தார்.

"இன்னா எண்ணெய் வுட்ட?"

"மல்லாட்டை எண்ணெய், அக்கா."

"அடிப்பாவி! சைக்கிளுக்குத் தாளிச்சு வுட்டிருக்கியே! உள்ள பல்லைப் புடிக்கிற நாக்கெல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கினு கெடக்குது."

சொல்லிக்கொண்டே சைக்கிளைப் படுக்கப்போட்டுக் கேன் மூடியைத் திறந்தார். கூட வந்தவர் பதறிவிட்டார். "ஏய், உனுக்கு இன்னா பைத்தியமா? அடுத்த தபா ரேஷன்ல ஊத்துற வரைக்கும் இருட்டுலயா கெடப்ப?"

"பொழுதோட சோறு தின்னுட்டுப் படுத்துக்கிறோம். நீ சும்மா இரு."

பிரீவீல் இடுக்கில் மெல்ல ஊற்றினார். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னார். பழுப்பாக, கெட்டியாக ஏதோ வழிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி ஊற்றினார். கேன் இறங்கிக்கொண்டே போனது. போதும் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், பரீட்சை நினைவுக்கு வரவே பெடலையே தொடர்ந்து சுற்றினேன். மூன்றாவது தடவை ஊற்றியபோதுதான் 'டிக்' என்றது. பிறகு 'டிக் டிக் டிக்'.

"பேசுது பாரு! ஜல்தியா ஏறு. டவுனுல மிஷின் எண்ணெய் வுட மறந்துடாத." எங்கே கற்றுக்கொண்டார் என்று போகிற போக்கில் கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போற சைக்கிளு. நான்தான் கழுவுறேன். இதுக்குப் பரீச்சையா வெக்கிறாங்க?" என்று சிரித்தார்.

மணி அடிக்கும்போது உள்ளே நுழைந்தேன். விடைத்தாள் ஓரத்தில் என் விரல் கறை. அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. பக்கத்துப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

பரீட்சைகள் முடிந்ததும், என் விளக்குக்கு வேலையில்லாமல் மிஞ்சிய மண்ணெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. நேராக என் சைக்கிளிடம் போய், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, காது கொடுத்துக் கேட்டார். "ம், பேசுது" என்றார். அதற்குப் பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன். சைக்கிள் அதேதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரீவீலை நானே கழுவுகிறேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எப்போதாவது தலைக்கேறினால், பெடலை ஒருமுறை பின்பக்கமாகச் சுற்றிவிட்டு அந்த 'டிக் டிக்'கைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு வீட்டின் விளக்கு எனக்காக எரியாமல் இருந்த நாட்கள் அதில் கேட்கும்.